ஒருத்தரைத் தேடாதீங்க, ஏழு பேரையும் தேடுங்க

எங்க சம்பந்தியம்மாவோட தாய்மாமா கிடைச்சுட்டாரு!

அவர் இறந்து எண்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. இருந்தாலும் எங்க வீட்ல இப்ப இப்படித்தான் சொல்லிக்கிறோம். அவ்வளவு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்துலதான் இந்த நீளமான பதிவு.

முதல்ல உறவைச் சொல்லிடறேன். என் பொண்ணு கல்யாணம் பண்ணிக்கிட்டது இங்கிலாந்துல யார்க்‌ஷயர் பக்கத்துப் பையனை. மாப்பிள்ளையோட அம்மாதான் சம்பந்தியம்மா. எழுபது தாண்டிட்டாங்க. அவங்க அம்மாவுக்கு ஒரே ஒரு தம்பி. இரண்டாம் உலகப் போர்ல குண்டுவீச்சு விமானத்துல போனவர், திரும்பி வரல. அப்ப அவருக்கு இருபது வயசு. சம்பந்தியம்மா பிறக்கறதுக்கு முன்னாடியே எல்லாம் முடிஞ்சுபோச்சு.

அந்த வீட்ல அவரைப் பத்தி மிஞ்சினது ரெண்டே விஷயம். ஒரு போட்டோ. அப்புறம் ஒரு வரிக் கதை: "மாமா பைலட், பெர்லின்ல சுட்டு வீழ்த்திட்டாங்க." அதுக்கு மேல கேட்டா அவங்க அம்மா வேற பேச்சுக்குப் போயிடுவாங்களாம்.

தாய்மாமா மடியில உட்கார வச்சுத்தான் நமக்கெல்லாம் காது குத்துறாங்க. அந்த உறவைப் பத்தி ஒரே ஒரு வரி மட்டும் தெரிஞ்சுக்கிட்டு ஒருத்தங்க எழுபது வயசு வரைக்கும் இருந்திருக்காங்கன்னு கேட்டதும் எனக்கு மனசு ஆறல. "தேடிப் பாக்கலாமா?"ன்னு கேட்டேன். சரின்னாங்க.

(மாமா பேரு, ஸ்குவாட்ரன் எண், ஊர் எதையும் இங்க எழுதப்போறதில்ல. அது அவங்க குடும்பத்தோட சொத்து. தேடின வழியை மட்டும் சொல்றேன். யாருக்காவது உதவும்.)

போட்டோவுல ஆரம்பிச்சோம். பழைய போட்டோ கிடைச்சா முகத்தைப் பார்த்துட்டு வச்சிடாதீங்க. சட்டையைப் பாருங்க! மாமாவோட மார்புல ஒத்தைச் சிறகு பேட்ஜ். பைலட்டா இருந்தா ரெண்டு பக்கமும் சிறகு இருக்கும். மத்த குழு ஆட்களுக்கு ஒத்தைச் சிறகு, அதை ஒட்டி ஒரு வட்டம், வட்டத்துக்குள்ள வேலையைச் சொல்ற எழுத்து. நேவிகேட்டருக்கு 'என்', பாம் எய்மருக்கு 'பி', இன்ஜினியருக்கு 'இ'. மாமாவோட வட்டத்துல இருந்தது 'ஏஜி'. ஏர் கன்னர். கையில மூணு பட்டை, அப்ப சார்ஜன்ட்.

"அம்மா பைலட்னுதானே சொன்னாங்க?"ன்னு சம்பந்தியம்மா கேட்டாங்க.

நிறைய குடும்பங்கள்ல இப்படித்தான் இருக்கு. விமானத்துல போனார்னா, வீட்டுக்கதையில அவர் பைலட் ஆயிடறார். ஆனா மாமா போன லங்காஸ்டர் மாதிரிக் குண்டுவீச்சு விமானத்துல பைலட் ஒருத்தர்தான். கூட இன்ஜினியர், நேவிகேட்டர், பாம் எய்மர், வயர்லெஸ் ஆபரேட்டர், மேல ஒரு கன்னர், வால்ல ஒரு கன்னர். மொத்தம் ஏழு பேர். இந்த ஏழுங்கிற எண்ணை மனசுல வச்சுக்கோங்க. பதிவு முழுக்க அதுலதான் நிக்குது.

மாமா வால்ல இருந்தவர்னு பின்னாடி தெரிஞ்சுது. ரியர் கன்னர். நாலு பிரவுனிங் துப்பாக்கி, நகரக்கூட இடமில்லாத கண்ணாடிக் கூடு. இருட்டுல நல்லாத் தெரியணும்னு பல பேர் எதிர்ல இருந்த கண்ணாடியையே கழட்டிடுவாங்களாம். மைனஸ் 40 டிகிரி வரைக்கும் போற குளிர் நேரா மூஞ்சியில அடிக்கும். பாராசூட்டை மாட்டிக்கிட்டு உள்ள உட்கார இடம் பத்தாது. அது பின்னாடி, விமானத்தோட உடம்புக்குள்ள தொங்கும். தப்பிக்கணும்னா கதவைத் திறந்து, கையை நீட்டி, அதை எடுத்து மாட்டிக்கிட்டுத்தான் குதிக்கணும். மத்த ஆறு பேர் பக்கத்துல யாரும் இல்லாம ஏழெட்டு மணி நேரம், வந்த வழியைப் பார்த்துக்கிட்டே பின்னோக்கிப் பயணம். இதைப் படிச்சுச் சொன்னப்ப, "பைலட்டா இல்லாததுல எனக்கு வருத்தமே இல்ல"ன்னாங்க சம்பந்தியம்மா.

அடுத்து பேரு. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம்னு ஒண்ணு இருக்கு. 1917-ல ஆரம்பிச்சது. ரெண்டு உலகப் போர்லயும் இறந்த 17 லட்சம் பேரோட விவரம் அவங்க தளத்துல இருக்கு, இலவசமா. ஆனா மாமாவோட பேரு நம்மூர் முருகன், செல்வம் மாதிரி. போட்டா பக்கம் பக்கமா வருது!

இதுல கை கொடுத்தது 'கூடுதல் விவரம்'னு கடைசியில வர்ற ஒரு வரி. இன்னாரோட மகன்னு அப்பா அம்மா பேர், பல பேருக்கு ஊரும் போட்டிருக்கும். எல்லாருக்கும் இருக்காது. மாமாவுக்கு இருந்துச்சு. சம்பந்தியம்மாவோட தாத்தா பாட்டி பேர் அப்படியே இருந்துச்சு. சர்வீஸ் நம்பர், ஸ்குவாட்ரன், தேதி எல்லாம் ஒரே இடத்துல கிடைச்சுது.

1944 மார்ச் 31. ஜெர்மனியில ஹானோவர் போர்க் கல்லறை.

தேதியைப் பார்த்ததும் பெர்லின் கதையும் போச்சு. அந்த ராத்திரி பாம்பர் கமாண்ட் (பிரிட்டிஷ் விமானப்படையோட குண்டுவீச்சுப் பிரிவு) போனது பெர்லினுக்கு இல்ல, நியூரம்பர்க்குக்கு. அவங்க வரலாற்றுலேயே மோசமான ராத்திரி அதுதான். 30-ம் தேதி ராத்திரி கிளம்பினது 795 விமானம். திரும்பி வராதது 95. செத்தவங்க 540 பேருக்கு மேல. 1940-ல மாசக்கணக்கா நடந்த பிரிட்டன் வான்போர் முழுசுலயும் போர் விமானப் பிரிவான ஃபைட்டர் கமாண்ட் இழந்த வீரர்கள் கிட்டத்தட்ட இதே எண்ணிக்கைதான். இது ஒரே ராத்திரி.

ஏன் அப்படி ஆச்சுன்னு தேடித் தேடிப் படிச்சேன். நிலா வெளிச்சம் இருந்த ராத்திரி. வழக்கமா அந்த மாதிரி ராத்திரியில உள்ள ஆழமாப் போக மாட்டாங்க. பெல்ஜியத்துல இருந்து ஜெர்மனிக்குள்ள 400 கிலோமீட்டருக்கு மேல வளைவே இல்லாத நேர்கோட்டுப் பாதை. ஜெர்மன் இரவுப் போர் விமானங்கள் கூடி நிக்கிற ரேடியோ கம்பங்களுக்குப் பக்கத்துலயே அந்தப் பாதை போகுது. போதாக்குறைக்கு அன்னைக்குக் குளிர்ல விமானங்களுக்குப் பின்னாடி வெள்ளைக் கோடு விழுந்துச்சு. நிலா வெளிச்சத்துல, 'இதோ போறோம்'னு எழுதிக் காட்டின மாதிரி ஆயிடுச்சு.

சரி, மாமா எந்த விமானத்துல இருந்தார்? கூட யார் இருந்தாங்க?

இங்கதான் நான் ரொம்ப நாள் நின்னுட்டேன். மாமா பேரைத் திரும்பத் திரும்பப் போட்டு, கிடைச்ச அதே நாலு வரியையே பார்த்துக்கிட்டு இருந்தேன். இருபது வயசு சார்ஜன்ட்டைப் பத்தி எவ்வளவு எழுதியிருக்கப்போறாங்க? புஸ்தகத்துல பேர் வர்ற ஆளும் இல்ல. கதவு மூடிடுச்சுன்னுதான் தோணுச்சு.

அப்பதான் ஒரு யோசனை வந்துச்சு. மாமாவை விட்டுட்டு, மாமா பக்கத்துல படுத்திருக்கவங்களைத் தேடினா என்ன?

கல்லறை ஆணையத்துத் தளத்துல கல்லறைத் தோட்டத்து வாரியாவும் பார்க்கலாம். ஒவ்வொருத்தருக்கும் பிளாட், வரிசை, எண் இருக்கும். மாமாவோட வரிசையை எடுத்தேன். அதே ஸ்குவாட்ரன், அடுத்தடுத்த எண், மாமாவோட சேர்த்து ஆறு பேர்!

இதுல ஒரு விஷயத்தைக் கவனிச்சுக்கோங்க. ஆறு பேர்ல சிலருக்கு மார்ச் 30-னும் சிலருக்கு 31-னும் போட்டிருக்கு. ஒரே விமானம், ஒரே நிமிஷம், ரெண்டு தேதி. 30-ம் தேதி ராத்திரி கிளம்பி, நடுராத்திரி தாண்டி விழுந்ததால வந்த வித்தியாசம். தேதியை மட்டும் நம்பித் தேடினா பாதிப் பேர் கையை விட்டுப் போயிடுவாங்க. முன்னாடி ஒரு நாள், பின்னாடி ஒரு நாள் சேர்த்தே தேடுங்க.

ஆறு பேர் சரி. ஏழாவது ஆள் எங்க?

அதுக்கு ஸ்குவாட்ரனோட தினசரிப் பதிவேடு வேணும். லண்டன்ல கியூங்கிற இடத்துல இருக்கிற தேசிய ஆவணக் காப்பகத்துல 'ஏர் 27'-ங்கிற வரிசையில அதெல்லாம் இருக்கு, இணையத்துலயே படமா கிடைக்குது. 540-ன்னு ஒரு படிவம், அன்னன்னைக்கு ஸ்குவாட்ரன்ல நடந்தது. 541-னு இன்னொண்ணு, ஒவ்வொரு விமானத்துக்கும் எண், ஏழு பேரோட பேர், கிளம்பின நேரம், இறங்கின நேரம். மாமாவோட விமானத்துக்குக் கிளம்பின நேரம் ராத்திரி பத்து மணியை ஒட்டி இருக்கு. இறங்கின நேரம் இல்ல. கிளம்பினதுக்கப்புறம் எந்தத் தகவலும் இல்லைன்னு ஒரு வரி.

ஏழு பேரும் கிடைச்சுட்டாங்க. கல்லறை வரிசையில இல்லாத ஏழாவது ஆள், பாம் எய்மர். அவர் பொழைச்சுட்டார்! பாராசூட்ல குதிச்சுப் போர்க்கைதி ஆகியிருக்கார்.

இந்த இடத்துல ஒரு சின்னக் கிளைக்கதை. லங்காஸ்டர்ல தப்பிச்சவங்க மத்த விமானங்களை விட ரொம்பக் கம்மி. பின்னாள்ல பெரிய இயற்பியல் மேதையான ஃப்ரீமேன் டைசன், அப்ப இளைஞர், பாம்பர் கமாண்டோட ஆய்வுப் பிரிவுல கணக்குப் போடற வேலையில இருந்தார். ஏன் லங்காஸ்டர்ல இவ்வளவு பேர் உள்ளேயே மாட்டிக்கிறாங்கன்னு பார்த்தா, தப்பிக்கிற கதவு அகலம் 22 அங்குலம். ஹாலிஃபாக்ஸ் விமானத்துல 24. பாராசூட் மாட்டின உடம்போட, சுத்துற விமானத்துல, இருட்டுல, அந்த ரெண்டு அங்குலம்! அவரோட சக ஊழியர் ஒருத்தர் அகலப்படுத்தச் சொல்லிப் போராடியும் காரியம் நடக்கறதுக்குள்ள போரே முடிய வந்துடுச்சுன்னு அவர் பின்னாடி வேதனையோட எழுதியிருக்கார். அந்தக் கதவு இருக்கிறது மூக்குப் பக்கம் தரையில, பாம் எய்மர் படுத்திருக்கிற இடத்துல. நம்ம ஏழாவது ஆள் பொழைச்சது அதனாலதான்னு நினைக்கிறேன்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். ஆறு பேர்ல நேவிகேட்டர் ஆஸ்திரேலியாக்காரர்.

(பிரிட்டிஷ் விமானத்துல ஆஸ்திரேலியாக்காரர் எப்படின்னு நானும் யோசிச்சேன். 1939 டிசம்பர்ல பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாலும் சேர்ந்து ஒரு ஒப்பந்தம் போட்டு, பெரும்பாலும் கனடாவுல வச்சு 1,30,000 பேருக்கு மேல விமானப் பயிற்சி கொடுத்தாங்க. அவங்க இங்கிலாந்து வந்ததும் குழு சேர்த்த விதம் ரொம்ப அழகு. ஒரு பெரிய ஹாங்கர்ல பைலட், நேவிகேட்டர், கன்னர்னு எல்லாரையும் விட்டுட்டு, 'நீங்களே பேசி ஆள் சேர்த்துக்கோங்க'ன்னு சொல்லிடுவாங்க. பட்டியல் கிடையாது, உத்தரவு கிடையாது. ஒருத்தரை ஒருத்தர் பார்த்து, பிடிச்சுப்போய், 'எங்ககூட வர்றியா?'ன்னு கேட்டுச் சேர்ந்தவங்க. இன்ஜினியர் மட்டும் பின்னாடி வந்து சேருவார். மாமாவை யாரோ ஒருத்தர் அப்படிக் கேட்டிருக்கார்.)

ஆஸ்திரேலியாவோட தேசிய ஆவணக் காப்பகத்துல 'ஏ705'-னு ஒரு வரிசை. விமானப்படையில இறந்தவங்க, காணாமப்போனவங்க ஒவ்வொருத்தருக்கும் ஒரு கோப்பு. நிறைய கோப்பு வீட்ல உட்கார்ந்தே இலவசமாப் படிக்கலாம். கோப்பு தலைப்புலேயே விமான எண்ணும் தேதியும் இருக்கு. 541 படிவத்துல கிடைச்ச விமான எண்ணைப் போட்டேன். நேவிகேட்டரோட கோப்பு வந்துச்சு.

அவரோட கோப்புதான். ஆனா உள்ள இருக்கிறது ஏழு பேரோட கதை!

பொழைச்ச பாம் எய்மர் 1945-ல விடுதலையாகி வந்ததும் கொடுத்த வாக்குமூலம் அதுல இருக்கு. கீழ இருந்து சுட்டிருக்காங்க. அந்தச் சமயத்துல ஜெர்மன்காரங்க சில விமானங்கள்ல மேல் நோக்கிச் சுடற பீரங்கி வச்சிருந்தாங்க. லங்காஸ்டருக்கு அடிவயித்துப் பக்கம் கண்ணே கிடையாது. வால்ல இருந்தவருக்கும் நேர் கீழ தெரியாது. இறக்கையில தீ. பைலட் எல்லாரையும் குதிக்கச் சொல்லியிருக்கார். மாமாவோட குரல் கடைசியா இன்டர்காம்ல கேட்டுச்சுன்னும், அடி படல, குதிக்கத் தயாராகறேன்னு பதில் சொன்னார்னும் இருக்கு.

சம்பந்தியம்மாவுக்கு அந்தப் பக்கத்தைப் படிச்சுக் காட்டினேன். மாமா என்ன பேசினார்னு அந்தக் குடும்பத்துல யாருக்குமே தெரியாது. இப்பத் தெரியும்.

அடுத்த தாள்கள், போருக்கு அப்புறம் தேடினவங்க எழுதினது. காணாமப்போனவங்களைத் தேடறதுக்குன்னே பிரிட்டிஷ் விமானப்படை ஒரு பிரிவு வச்சிருந்துச்சு. ஊர் ஊராப் போய், ஊர்க்காரங்களை விசாரிச்சு, குழியைத் தோண்டி, துணியில இருந்த சலவைக் குறி, பூட்ஸ் அளவு, இன்ஜின் எண் இதையெல்லாம் வச்சு ஒவ்வொருத்தரா அடையாளம் கண்டுபிடிச்சாங்க. நம்ம ஆறு பேரை முதல்ல அடக்கம் பண்ணினது விமானம் விழுந்த ஜெர்மன் கிராமத்து ஆளுங்க, அவங்க ஊர்த் தேவாலயத்துத் தோட்டத்துல. ரெண்டு பேர் பேரோட, நாலு பேர் 'அடையாளம் தெரியாதவர்'னு. செஞ்சிலுவைச் சங்கம் வழியா அந்தத் தகவல் மட்டும் வந்திருக்கு. அந்த நாலு பேருக்கும் பேர் கிடைச்சது இந்தப் பிரிவாலதான். அதுக்கப்புறம்தான் ஹானோவருக்கு மாத்தினாங்க.

கோப்பு முடியற இடத்துல நேவிகேட்டரோட அம்மா எழுதின கடிதங்கள். ஒரு விமானம் திரும்பலைன்னா, குழுவுல இருக்கிற ஏழு வீட்டு விலாசத்தையும் குடும்பங்களுக்குக் கொடுப்பாங்களாம். அந்தம்மா அதை வச்சு எல்லா வீட்டுக்கும் எழுதியிருக்காங்க. வந்த பதில்ல இருக்கிற துணுக்குகளை மெல்பர்ன்ல இருந்த விமானப்படை அலுவலகத்துக்கு எழுதி, இதை விசாரிங்க, அதை விசாரிங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்திருக்காங்க. அதுல ஒரு கடிதத்துல, ரியர் கன்னரோட அம்மா யார்க்‌ஷயர்ல இருந்து தனக்கு எழுதியிருக்கிறதைச் சொல்றாங்க.

சம்பந்தியம்மாவோட பாட்டி!

உலகத்தோட அந்தக் கோடியில, முன்பின் பார்க்காத ஒரு அம்மாவோட கோப்புக்குள்ள, எங்க வீட்டுப் பாட்டி இருக்காங்க. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. நான் புதுசா எந்த வழியையும் கண்டுபிடிக்கல. ஒருத்தனைப் பத்தித் தெரியணும்னா ஏழு வீட்டையும் கேக்கணும்னு அந்த அம்மாங்களுக்கு 1944-லேயே தெரிஞ்சிருக்கு.

அதனாலதான் தலைப்புல அப்படி எழுதினேன். உங்க ஆளோட கோப்பு மூடியிருக்கலாம், தொலைஞ்சிருக்கலாம். கூட இருந்தவர் கனடாக்காரரா இருந்தா கனடா ஆவணக் காப்பகத்துல போர்ல இறந்தவங்களோட சர்வீஸ் கோப்பு இருக்கு. பொழைச்சவர் ஒருத்தர் இருந்தா அவர் எங்கயாவது பேசியிருப்பார். பைலட் வீட்ல குழு போட்டோ இருக்கும். ஒவ்வொரு விமானமும் ஏழு கதவு.

மனசுல உறுத்தற ஒரு விஷயத்தையும் சொல்லியே ஆகணும். இவங்க குண்டு போடப் போனவங்க. நியூரம்பர்க் அன்னைக்கு ராத்திரி பெரும்பாலும் தப்பிச்சுது. ஆனா 1945 ஜனவரி 2-ல அதோட பழைய நகரமே தரைமட்டமாச்சு. 1943-ல ஹாம்பர்க்ல ஆயிரமாயிரம் குடும்பங்கள் நெருப்புல போச்சு. பாம்பர் கமாண்ட்ல பறந்தவங்க சுமார் 1,25,000 பேர், எல்லாரும் விருப்பப்பட்டு வந்தவங்க. அதுல 55,573 பேர் செத்தாங்க. ரெண்டு பக்கத்துச் சாவையும் சேர்த்துத்தான் நினைக்கணும். லண்டன் கிரீன் பார்க்ல 2012-ல திறந்த நினைவுச் சின்னத்துலயும், குண்டுவீச்சுல செத்த எல்லா நாட்டு மக்களையும் சேர்த்தே நினைவுகூர்ந்து எழுதியிருக்காங்க. மாமாவைக் கிராமத்து ஜெர்மன்காரங்க மண்ணுல வச்சாங்கன்னு படிச்சதும் சம்பந்தியம்மா முதல்ல கேட்டது, "அந்த ஊர்ல அன்னைக்கு யாருக்காவது அடி பட்டுச்சா?"

இது வெள்ளைக்காரங்க சமாச்சாரம்னு நினைக்காதீங்க. நம்ம சென்னை நந்தம்பாக்கத்துல இருக்கிற போர்க் கல்லறையையும் அதே ஆணையம்தான் பராமரிக்குது. 1942 ஏப்ரல் 9-ல கொழும்பு குதிரைப் பந்தயத் திடல்ல இருந்து கிளம்பி ஜப்பான் கப்பல் படையைத் தாக்கின ஒன்பது பிரிட்டிஷ் பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானத்துல அஞ்சு திரும்பல. ஆசியாவுல இப்படிப் போய்க் கல்லறையே இல்லாம ஆனவங்க பேர் சிங்கப்பூர் கிராஞ்சியில சுவர்ல இருக்கு. அந்தச் சுவர்ல 24,000 பேருக்கு மேல. பிரிட்டிஷ் இந்திய ராணுவத்துல போன நம்ம ஊர் ஆளுங்களும் அதுல உண்டு. உங்க தாத்தாவோட அண்ணனோ தம்பியோ 'பட்டாளத்துக்குப் போனார், வரல'ன்னு வீட்ல ஒரு வரிக் கதை இருந்தா, அதே தளத்துல தேடுங்க. பெரியவங்ககிட்ட அவரோட அப்பா பேர், ஊர் பேர், ரெஜிமென்ட் பேரை இப்பவே கேட்டு எழுதி வச்சுக்கோங்க. அவங்க போயிட்டா அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் இல்ல.

இப்ப எங்க வேலை வேற. இங்கிலாந்துல லிங்கன் நகரத்துல பாம்பர் கமாண்டுக்குன்னு ஒரு நினைவு மையம் இருக்கு, 2018-ல திறந்தது. 31 மீட்டர் உயரத்துல ஒரு கம்பம், அது லங்காஸ்டரோட இறக்கை நீளம். சுத்தி நிக்கிற சுவர்கள்ல கிட்டத்தட்ட 58,000 பேர். அத்தனை பேருக்கும் இணையத்துல தனித்தனிப் பக்கம். குடும்பங்கள் போட்டோ கொடுத்தா சேர்த்துக்கறாங்க. மாமா பக்கத்துக்குச் சம்பந்தியம்மா போட்டோ அனுப்பிட்டாங்க. நேவிகேட்டரோட படம் அவரோட ஆஸ்திரேலியக் கோப்புலயே இருந்துச்சு.

மீதி நாலு பேருக்கு இன்னும் முகம் இல்ல. அவங்க குடும்பங்களைத் தேட ஆரம்பிச்சுட்டோம். இந்தத் தடவை கடிதம் எழுதறது யார்க்‌ஷயர் வீடு.